ஒயருக்குக் காசு உண்டு, யோசனைக்கு?

கம்ப்யூட்டர் கன்சல்டன்ட் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் கேட்டார். கட்டுரை எனக்கு வராது, யாராவது கேட்டால்தான் வாய் திறக்கும், வாசகர்களே கேட்கட்டும் என்றேன். தபால் அட்டையில் நாலு, வாட்ஸ்அப்பில் எண்ண முடியாத அளவு வந்துவிட்டன. காரைக்குடியில் 17 வருடமாக இதுதான் பிழைப்பு, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர்ப் பெயர் மட்டும்.

கேள்வி: நான் எம்.சி.ஏ. கடைசி வருடம். கன்சல்டன்ட் என்றால் சர்வீஸ் இன்ஜினீயரா, சாஃப்ட்வேர் விற்பவரா, இல்லை கோட் போட்டுக்கொண்டு பேசுகிறவரா? எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை.
– மாணவி, காரைக்குடி

கோட் போட்டால் நம்ம ஊர் சித்திரை வெயிலில் செக்காலை ரோட்டைத் தாண்டுவதற்குள் மயங்கி விழ வேண்டியதுதான். ஒரு நாள் வேலையைச் சொல்கிறேன், நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவயல் பக்கம் ஒரு ரைஸ்மில். கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேர் நின்று நின்று ஓடுகிறது, பில் போடுவதற்குள் லாரிக்காரர் சத்தம் போடுகிறார், புது சர்வர் வாங்கப் போகிறோம் என்று 2,10,000 ரூபாய் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் எதையும் தொடவில்லை. காலையில் போய்க் கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். காலை முழுக்க டாலி வெண்ணெய் மாதிரி போகிறது. சர்வருக்குக் கோளாறு என்றால் காலையிலும் இருக்க வேண்டுமே? கறுப்புத் திரையில் பிங் கட்டளையைப் போட்டு ஓட விட்டேன். இந்தக் கம்ப்யூட்டர் அந்த சர்வரைப் பார்த்து 'இருக்கியா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும், அது 'இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். மதியச் சாப்பாடு முடிந்து அரிசி தீட்டும் பாலிஷரைப் போட்டார்கள். தரை லேசாக அதிர்ந்தது, மேஜையில் இருந்த டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை வந்தது, திரையில் பதில் வருவது நின்று 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வரிசையாக விழுந்தது.

விஷயம் இதுதான்: ஆபீசுக்கும் எடைமேடை அறைக்கும் நடுவே போன நெட்வொர்க் ஒயரை, தனிப் பைப் போட சோம்பல்பட்டு, மோட்டாருக்குப் போகும் மூன்று பேஸ் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்கு. மோட்டார் ஓடும்போது அந்தக் கேபிளின் இரைச்சல் இதில் ஏறிவிடும். புது ஒயர் வாங்கி, இரண்டடி தள்ளித் தனிப் பைப்பில் கொண்டுபோனோம். சரியாகிவிட்டது.

ஒயருக்கும் பைப்புக்கும் 3,400 ரூபாய். என் பில் 6,000. முதலாளி பில்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒயருக்குச் சரி தம்பி, இந்த ஆறாயிரம் எதுக்கு? நீங்க சும்மா உக்காந்துதானே இருந்தீங்க?" அவர் மேஜையில் குத்தூசி கிடந்தது. "அண்ணே, இதால் மூட்டையைக் குத்தி நெல்லைப் பார்த்துத்தானே விலை பேசுகிறீர்கள், இன்றைக்கு நான் உங்கள் கொட்டேஷனைக் குத்திப் பார்த்தேன்" என்றேன். சிரித்துவிட்டு 5,000 கொடுத்தார். ஆயிரத்தைக் குறைக்காமல் கொடுத்தால் அவர் மில் நடத்தவே முடியாது, அது எனக்கும் தெரியும்.

உடைந்ததை ஒட்டுகிறவர் சர்வீஸ் இன்ஜினீயர். பொருளை விற்கிறவர் வியாபாரி. இதை வாங்கு, இதை வாங்காதே, இப்போது வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்வதற்குக் காசு வாங்குகிறவன் நான். அதனாலேயே கடைக்காரர் கொடுக்கும் கமிஷனை நான் வாங்குவதில்லை. நல்லவன் என்பதற்காக இல்லை, சர்வரில் கமிஷன் இருந்தால் அன்றைக்கு அந்த ஒயர் என் கண்ணில் பட்டிருக்குமா என்பது எனக்கே சந்தேகம்.

கேள்வி: சென்னையில் 9 வருடம் ஐ.டி. கம்பெனி வேலை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்கே வந்துவிட்டேன். இங்கே கன்சல்டன்ட் ஆகிப் பிழைக்க முடியுமா? எவ்வளவு கேட்பது என்றே தெரியவில்லை.
– தேவகோட்டை

முடியும். முதல் வருடம் கஷ்டம். சென்னையில் உங்களுக்குத் தெரிந்த பெரிய பெரிய விஷயங்களில் பாதி இங்கே வேலைக்கு ஆகாது, இங்கே வேண்டியதில் பாதி உங்களுக்குத் தெரியாது. நகைக்கடை பில்லிங், பள்ளிக்கூடத்து ஃபீஸ் கணக்கு, ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவருக்கு ஆர்டர் வரும் வாட்ஸ்அப்பை ஒழுங்குபடுத்துவது, ஹோட்டல் ஆகிவிட்ட பழைய வீடுகளுக்கு புக்கிங், ஆடிட்டர் ஆபீசில் பேக்கப்... இதுதான் நம்ம பக்கத்துச் சந்தை.

நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் கடைக்குள் நுழைந்ததும் யாரும் மேலாள் ஆகிவிடவில்லை. பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள். நீங்களும் ஒரு ஆறு மாதம் ஏதாவது ஒரு சர்வீஸ் கடையில் பெட்டியடியில் உட்காருங்கள், 9 வருட அனுபவம் என்று கூச்சப்படாமல். எந்த வீட்டில் எந்த மெஷின், யார் காசு கொடுப்பார், யார் இழுப்பார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

இனி காசு. உங்களுக்கு மாதம் 60,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நெட், பெட்ரோல், லேப்டாப் தேய்மானம், இன்சூரன்ஸ் என்று 12,000. ஆக 72,000. எல்லோரும் இதை 25 நாளால் வகுப்பார்கள், அங்கேதான் முதல் வருடம் விழுகிறோம். பில் போடக்கூடிய நாள் மாதத்துக்கு 12 தேறினாலே அதிகம். மீதி நாளெல்லாம் பஸ்ஸில், போனில் இலவச ஆலோசனையில், வராத பாக்கியைக் கேட்பதில், புதிதாக வந்ததைப் படிப்பதில் போகும். 72,000-ஐ 12-ஆல் வகுத்தால் நாளுக்கு 6,000. இதைவிடக் குறைத்துக் கேட்டால் யாரோ ஒருவர் வேலையை நீங்கள் கைக்காசு போட்டுச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

மணிக்கணக்கில் கேட்காதீர்கள், நம் ஊரில் எடுபடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அரை நாள், முழு நாள், அல்லது ஏ.எம்.சி. என்கிற வருடப் பராமரிப்பு ஒப்பந்தம். வரி விஷயம் ஆடிட்டர் சொல்லட்டும், ஆனால் இது தெரிந்திருக்கட்டும்: சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், இந்த வேலைக்கு 18 சதவீதம். கம்பெனிகள் டி.டி.எஸ். என்று உங்கள் வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கொடுத்தால், அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் போய்ப் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னை வாடிக்கையாளர் ஒன்றிரண்டு பேரைக் கையில் வைத்திருங்கள். பெரும்பாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம், அவசரம் என்றால் விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியத்துக்குள் எழும்பூர்.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு நெட்வொர்க், பேக்கப் எல்லாம் செய்து கொடுத்து 8 மாதம் ஆகிறது. 85,000 ரூபாய் பாக்கி. கேட்டால் 'நாங்க கேட்டது வேற' என்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை.
– திருப்பத்தூர்

முதலில் உங்களைத் திட்ட வேண்டும், ஆனால் அந்தத் தகுதி எனக்குக் கிடையாது. கதையைக் கேளுங்கள். 2019-இல் ஒரு கிளினிக். பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை ராத்திரி கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள், எப்போதும் சொருகியே வைக்காதீர்கள் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையாட்டினார். இரண்டு மாதத்தில் கல்யாணமாகிப் போய்விட்டார். அப்புறம் வந்தவருக்கு யார் சொல்வது? ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்த அன்று கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டது, அதில் சொருகியே இருந்த பேக்கப் டிஸ்க்கும் பூட்டிக்கொண்டது. நாலு மாதத்துக்கு முன்னால் நான் ஏதோ காரணத்துக்காக என் வீட்டில் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் மிச்சம். "நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றார் டாக்டர். சொன்னேன்தான். காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை. அந்த வருட ஏ.எம்.சி. பணத்தை நானே திருப்பிக் கொடுத்தேன்.

நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்று கல்யாணப் பதிவையே எழுதுகிறார்கள். சீர் சாமான் பட்டியலில் கரண்டி வரைக்கும் எழுதுகிறார்கள். மொய் நோட்டில் 51 ரூபாய்க்கும் வரி உண்டு. எதையும் எழுதி வைக்கும் ஊரில் பிறந்துவிட்டு நாம் மட்டும் லட்ச ரூபாய் வேலைக்கு வாய்வார்த்தையை நம்பிப் போகிறோம். வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுத வேண்டியதில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கு ராத்திரியே ஒரு பக்கம், நல்ல தமிழில்: நீங்கள் கேட்டது இது, நான் செய்யப்போவது இது, இது இதில் சேராது, இவ்வளவு ரூபாய், பாதி முன்பணம், சரியென்றால் 'சரி' என்று பதில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் அந்த ஒற்றை 'சரி' வந்தால் போதும், மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். 'இது இதில் சேராது' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பிரிண்டர் ரிப்பேர், முதலாளி மகனின் கேம், மருமகளின் போன் எல்லாம் அந்த வரி இல்லாத ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும்.

உங்கள் 85,000-க்கு வருவோம். எழுத்தில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள், தேடிப் பாருங்கள், இருக்கும். 'சார் நாளைக்கு வரீங்களா', 'பாஸ்வேர்டு அனுப்புங்க' என்று வந்த மெசேஜ் எல்லாமே சாட்சிதான். வேலைக்கு முன்பே உத்யம் என்கிற சிறுதொழில் பதிவைச் செய்திருந்தீர்களா? குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்தவருக்கு, பேசி வைத்த கெடு எதுவானாலும், வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் கெடு இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வட்டி என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைவிட வலிப்பது, கெடு தாண்டிய பாக்கியை அவர்கள் கொடுத்து முடிக்கிற வருடம் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இதை அவர்களுடைய ஆடிட்டருக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டு ஞாபகப்படுத்துங்கள். முதலாளியைவிட ஆடிட்டர் சீக்கிரம் புரிந்துகொள்வார். பதிவு செய்யவில்லை என்றால் இன்றைக்கே செய்யுங்கள், இலவசம்தான். பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்பியிருக்காதீர்கள், அடுத்ததற்கு உதவும்.

கேள்வி: கானாடுகாத்தானில் பாட்டன் வீட்டை விருந்தினர் தங்குவதற்கு விட்டிருக்கிறோம். முகப்பில் மோடம். வளவை (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) தாண்டினால் வைஃபை இல்லை. வந்து தங்குகிறவர்கள் சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டு நெட்டைத் திட்டுகிறார்கள். ஒருவர் 40,000 ரூபாய்க்கு எட்டு ஆன்டெனா ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்.
– கானாடுகாத்தான்

வாங்காதீர்கள். கவிழ்த்துப் போட்ட நண்டு மாதிரி இருக்கும் அந்த ரவுட்டர், சத்தமாகக் கூப்பிடும், சரி. ஆனால் வளவுக்குப் பின்னால் இரண்டாங்கட்டில் படுத்திருக்கும் விருந்தாளியின் போன் சின்னது, அதன் குரலும் சின்னது. அது திருப்பிப் பதில் சொல்வது முகப்புக்குக் கேட்க வேண்டாமா? போனில் நாலு கோடு காட்டியும் படம் ஓடாததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

உங்கள் வீட்டில் வில்லன் வீடுதான். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. நடுவில் ஒவ்வொரு கட்டுக்கும் முழங்கை நீளத்துக்குக் குறையாத செங்கல் சுவர், பற்றாததற்கு ஆளுயரக் கண்ணாடிகள், அதன் ரசப்பூச்சு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரில் செத்துவிடும். 2.4 இன்னும் ஒரு சுவர் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே சுவரோடு சண்டை போடாமல் ஒயரில் கொண்டுபோய், கட்டுக்கு ஒன்றாக, வைஃபை பரப்பும் சின்ன அக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் வழி. வளவில் நடுமுற்றம் திறந்துதானே இருக்கிறது, அது உங்களுக்குச் சாதகம்: முற்றத்தைப் பார்த்தபடி தூண் உச்சியில் ஒன்றை வைத்தால் சுற்றியிருக்கும் அறைகளுக்குக் கதவு வழியே போய்விடும். அறைக்கதவை எல்லாம் சாத்திவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு நடை நடந்து பாருங்கள். எங்கே விழுகிறது என்று தெரியும். பகலில் கதவைத் திறந்து வைத்துச் சோதித்து நானே ஒருமுறை ஏமாந்தேன்.

இரண்டு விஷயம் கவனம். நெட்வொர்க் ஒயர் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதைவிட முக்கியம், முகப்பிலிருந்து பின்கட்டுக்குப் போகும் அந்த நீள ஓட்டத்துக்குச் செம்பு ஒயர் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். ஐப்பசி இடியில் செம்பு வழியாக மின்னல் ஏறினால் இரண்டு பக்கமும் எரியும், ஃபைபர் கண்ணாடி, அதில் கரண்ட் ஏறாது. அப்புறம் துளை. டிரில்லிங் மெஷினோடு வருகிற பையனைச் சுவருக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஒரு துளை போட்டால் பாளமாகப் பெயர்ந்து வரும், அதைப் பழையபடி பூச இன்றைக்கு ஆளைத் தேடி அலைய வேண்டும். உத்திரத்தின் மேல்விளிம்பில் பழைய கரண்ட் ஒயர் போன மரச்சட்டம் இன்னும் இருக்கும். அந்த வழியே போங்கள்.

கேள்வி: எங்கள் கோயிலின் புள்ளிக் கணக்கை (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பதிவேடு) 20 வருடமாகப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறோம். புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா?
– கோயில் அலுவலகம், ஊர் வேண்டாம்

கெடவில்லை, எப்போதுமே அப்படித்தான் இருந்தது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, செமிகோலன், கே, ஹெச். எழுத்துரு அதன் மேல் தமிழ் வேஷம் போட்டுக் காட்டியது, புது மெஷினில் அந்த எழுத்துரு இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது, நீங்களும் மாறிவிடுங்கள்.

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஊரார் முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கும் ஏட்டை யாரோ ஒருவர் தளத்தில் ஒட்டாதீர்கள், கம்ப்யூட்டரிலேயே ஓடுவதாகப் பாருங்கள். பத்தி பத்தியாக மாற்றுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் ஊர்ப் பெயரையும் சேர்த்து மாற்றினால் அதுவும் தமிழ் வேஷம் கட்டிக்கொள்ளும். முடிந்ததும் 'சொ', 'கோ' வரும் பெயர்களைத் தேடிப் பாருங்கள். சில கருவிகள் கொம்பையும் காலையும் தனித்தனியாக விட்டுவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் 'சொக்கலிங்கம்' அகப்படவே மாட்டார். பழ., சித., அரு., ராம. என்று தலைப்பெழுத்துகளையும் ஒருவர் உட்கார்ந்து பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறினால் வேறு வீட்டுப் புள்ளி ஆகிவிடும், பஞ்சாயத்து உங்கள் தலையில் விடியும்.

கேள்வி: 'மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று போன் வந்தது. ஏதோ எண் கேட்டார்கள், சொல்லிவிட்டேன்.
– ஆச்சி ஒருவர், கோட்டையூர்

ஆச்சி, மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் போன் பண்ணாது. இதைப் படிக்கும்போதே மோடம் ஸ்விட்சை அணையுங்கள், பேங்குக்குப் போன் பண்ணிக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

கேள்வி: ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி உங்களிடம் யார் யோசனை கேட்பார்கள்?
– பொன்னமராவதி

நானே தினமும் அதைக் கேட்கிறேன். இப்போதெல்லாம் வாடிக்கையாளர் அது சொன்ன பதிலைப் பிரிண்ட் எடுத்துவந்து 'இது சரியா' என்று கேட்கிறார். அதற்கும் அரை நாள் ரேட்தான்.

கேள்வி: நானும் இதே வேலைதான், சின்ன அளவில். வீட்டு வேலைக்குப் போனால் சாப்பாடு போட்டு, பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு மேல் பில் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?
– கண்டனூர்

இத்தனை கேள்வியில் கஷ்டமானது இதுதான். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் இலையில் விழுந்த பிறகு யாரால் காசு கேட்க முடியும்? அதிலும் கவுனி அரிசியை எடுத்து வைத்துவிட்டு "நீ நம்ம வீட்டுப் பிள்ளைதானேப்பா" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அன்றைக்கு 3,000 ரூபாய் போச்சு. எனக்கு முதல் ஐந்து வருடம் இப்படியே போனது. உடம்பு மட்டும் ஏறியது.

இப்போது கிளம்பும் முன்பே போனில் தொகையைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் பில்லையும் போட்டுவிடுகிறேன். பசி வேளையில் போவதில்லை. போனாலும் வேலை முடிந்து கணக்கு முடிந்துதான் இலை. கோபித்துக்கொண்டவர் உண்டா என்றால், ஒரே ஒருவர், அவர் ஏற்கெனவே தராதவர்தான்.

போன மாதம் பள்ளத்தூரில் ஒரு வீடு. பில்லை முந்தின நாளே அனுப்பியிருந்தேன், 3,000. வேலை முடிந்து கைகழுவப் போனால், ஆச்சி சீயத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கவரை வைத்திருக்கிறார், மேலே என் பெயர், தேதி, தொகை எல்லாம் மொய்க் கவர் மாதிரி எழுதி. வீட்டுக்கு வந்து எண்ணினால் 3,001. அந்த ஒரு ரூபாயை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஆடிட்டரை இன்னும் கேட்கவில்லை.